செவலைக்கு நான் கற்றுக்கொடுத்த பயம்

யமுனா கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரி மா, சரி மா" என்று முடித்துவிடுவாய். பேசி வாட்சப்பில் அனுப்பினாலும் வேகத்தைக் கூட்டி ஓடவிட்டுக் கேட்கிறவள் நீ. அதனால் கொட்டை எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் படி. எனக்கும் அப்படித்தான் வருகிறது. பத்தாவது படித்த கை, அதற்கப்புறம் பால் அட்டையில் கையெழுத்துப் போட்டதைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. மூன்று நாளாக எழுதுகிறேன், கறவைக்கும் சமையலுக்கும் நடுவே. உன் நைனா கொண்டுவந்து கொடுத்த பையில் இந்தக் கடிதத்தோடு துணியில் சுற்றிய ஒரு பொருளும் இருக்கும். அதை இப்போது பிரிக்காதே. கடைசிவரை படித்துவிட்டுப் பிரி.

போன வாரம் நீ போன் செய்தபோது நான் உனக்காக அறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டு கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி, பழைய புடவைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். நீ சொன்னாய்: "மா, நான் அங்க வர்ல. நீ இங்க வந்துடு. ஆஸ்பத்திரி கிட்டவே கீது. அவரும் சத்தியவேட்லருந்து வந்துட்டு போவ சுலுவா இருக்கும்." நானும் சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை கம்பெனி வேலை முடித்து சத்தியவேட்டில் ஏறுகிற திருப்பதி பஸ், புத்தூரைத் தாண்டி நம் வடமாலபேட்டையைத் தாண்டித்தானே உன்னிடம் போகிறது. வழியில் இருக்கிற வீட்டைவிட, வழி முடிகிற இடம் எப்படிக் கிட்டத்தில் ஆகும்? படித்தவர்கள் பொய் சொன்னால் கொஞ்சம் மேப்பைப் பார்த்துச் சொல்லக் கூடாதா.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை கண்ணு. காரணம் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், இத்தனை வருஷமாக இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான இந்த நான்கு வருஷத்தில் நம் வீட்டில் நீ ஒரு சாயங்காலக் கறவை நேரத்துக்கு இருந்ததில்லை. மாடுகள் மேய்ச்சலுக்குக் கொல்லிக்குப் போன பிறகு வருவாய். வெயில் சாய்ந்ததும் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையைத் தோளில் மாட்டிவிடுவாய். கல்யாணமாகாத பெண்ணாக இருந்தபோதும் அப்படித்தான். கொட்டகையைத் தாண்டினால் பத்தடியில் இருக்கிற பாத்ரூமுக்கு, பக்கத்து வீட்டுச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வருவாய். மனுஷ மூளையில் பயம் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று ஆராய்ச்சி பண்ணிச் சம்பளம் வாங்குகிறவள், அம்மா வீட்டு மாட்டுக் கொட்டகையைத் தாண்டமாட்டாள். ஊரில் யாருக்காவது தெரிந்தால் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செவலையை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. நான் சொல்லிச் சொல்லி வளர்த்த செவலையைத்தான் உனக்குத் தெரியும்: திமிர் பிடித்த மாடு, ஐந்து வயதுக் குழந்தையை உதைத்துத் தள்ளிய மாடு. உண்மையான செவலை அப்படி இல்லை. சிவப்பு நிறம், வயிற்றில் மட்டும் வெளுப்பு, பெரிய கண். எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு நீ கொட்டகைக்குள் போனால் நக்கி நக்கி முடியையெல்லாம் நிமிர்த்தி அனுப்புவாள். நான் இன்னொரு தரம் சீவிவிடுவேன், நீ இன்னொரு தரம் போய் நிற்பாய். ஒரு மத்தியானம் உன்னைக் காணோம் என்று ஊரெல்லாம் தேடினோம். நீ அவள் தீனித் தொட்டியில் வைக்கோலுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் உனக்கடியில் இருந்த வைக்கோலைத் தொடாமல், உன்னைச் சுற்றி இருந்ததை மட்டும் மென்றுகொண்டு நின்றாள். இதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் மற்றதும் கூடவே வந்துவிடும் என்று பயந்தேன்.

அந்த வருஷம் அவள் போட்ட கன்று பதினோராம் நாள் செத்துப்போனது. அதற்கப்புறம் செவலை பாலை விடவில்லை. மடி கனத்துக் கிடக்கும், காம்பைத் தொட்டால் உள்ளேயே நிறுத்திக்கொள்வாள். நைனா கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துப் பக்கத்தில் நிறுத்தலாம் என்றார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது என்றேன். இன்னொரு வழி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவி, தவிடு வைத்து, பேச்சுக் கொடுத்து, அவள் மனம் இறங்குகிறவரை காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் ஆகும், பத்து நாள் ஆகும். பால் வண்டி ஆறு மணிக்கு வந்துவிடும். வண்டியில் வருகிறவர்தான் பேர் ஒட்டாத ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். "இத போடுக்கா. ரெண்டே நிமிஷம், தானா எறங்கிடும். எல்லாருந்தான் போடறாங்க." இப்போது அதற்குத் தடை இருக்கிறது என்கிறார்கள். அன்றைக்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

உன் நைனா மட்டும் கேட்டார். பாட்டிலைப் பார்த்ததும், "கன்னு பூட்ட மாடு அது. அத குத்தி கறந்து நாம இன்னா பண்ணப்போறோம்? வேணாம், குடுத்துடு" என்றார். கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். மூன்று ஃபேஸ் கரண்டு அப்போது விடியற்காலையில்தான் வரும். அவர் மாந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச பம்பு செட்டுக்குப் போய்விடுவார். கொட்டகையில் நானும் செவலையும்தான். புத்தூர் பாத்திரக்கடையில் ஒரே மாதிரி இரண்டு தகர டப்பா வாங்கியிருந்தேன், உள்ளங்கை அளவு. ஒன்று உன் பல்பத்துக்கு. இன்னொன்றில் ஊசியையும் பாட்டிலையும் வைத்தேன். டப்பாவை எடுத்தாலே உள்ளே பாட்டில் உருண்டு கிணிகிணி என்று கேட்கும். எடுத்துவந்து குத்துவேன், இரண்டு நிமிஷத்தில் மடி இளகும், கறப்பேன். காலையில் ஒன்று, சாயங்காலம் அவர் தோப்பிலிருந்து திரும்புவதற்குள் ஒன்று.

ஐந்தாறு நாளில் செவலை கற்றுக்கொண்டாள். நான் அடுப்பங்கரையில் டப்பாவை எடுக்கும்போதே, கொட்டகையில் அவள் முதுகுத் தோல் சிலிர்த்து ஓடும். வாலை உள்ளே இடுக்கிக்கொள்வாள். நின்ற இடத்திலேயே சாணி போடுவாள். ஊசி இன்னும் அவளைத் தொடவில்லை, நான் இன்னும் உள்ளேயே வரவில்லை. சத்தம் மட்டும்தான் போயிருக்கிறது. டப்பாவுக்குள் ஒரு துணியைத் திணித்திருந்தால் அந்தச் சத்தம் வந்திருக்காது. அந்த மெனக்கெடல்கூட எனக்கு இல்லை. தெரிந்தும் இரண்டு மாதம் போட்டேன்.

அந்தக் காலை எனக்கு நடந்த காலை மாதிரியே இல்லை, எப்போதோ கண்ட கனவு மாதிரி இருக்கிறது. மார்கழிப் பனி. தோப்பு தெரியவில்லை, கிணறு தெரியவில்லை, கொட்டகை மட்டும் தனியாக வெள்ளையில் மிதந்துகொண்டிருந்தது. பம்பு செட் ஓடுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. கறந்து முடித்து, அவள் பின்னங்கால் கட்டை அவிழ்த்துவிட்டு, நுரை தளும்புகிற வாளியோடு எழுந்தேன். ஊசி டப்பா என் காலடியில் கிடந்தது. நீ பனிக்குள்ளிருந்து வந்தாய், ஸ்கூல் சட்டை போட்டு, ஒரு பக்கம் மட்டும் ஜடை பின்னி. "மா, எல்லாம் புது பல்பம், கேளு" என்று உன் டப்பாவைக் குலுக்கினாய். செவலைக்குப் பின்னால் நின்று குலுக்கினாய். அவளுக்கு என்ன தெரியும்? ஒரு முறை குத்தி முடித்தாயிற்று, மறுபடியும் அந்தச் சத்தம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்திலிருந்து. அவள் முதுகுத் தோல் ஓடுவதை நான் பார்த்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. "குலுக்காத" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாய் திறப்பதற்குள் உதைத்துவிட்டாள்.

இனிமேல் வருவதை மெதுவாகப் படி. நீ தூணுக்கருகே போய் விழுந்தாய். பல்பமெல்லாம் சாணியில் சிதறிக் கிடந்தது. உன் முகவாயிலிருந்து ரத்தம். ஒரு கணம் சத்தமே இல்லை, அப்புறம் வீறிட்டாய். பம்பு செட் நின்றது. நைனா ஓடி வருகிறார் என்று தெரிந்தது. நான் உன்னிடம் வரவில்லை யமுனா. காலடியில் கிடந்த ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு, உன்னைத் தாண்டி, வைக்கோல் போருக்குப் போய், கை முழங்கைவரை உள்ளே போகிற அளவு அதைச் செருகிவிட்டு, திரும்பி வந்துதான் உன்னைத் தூக்கினேன். நாலு எட்டு போக, நாலு எட்டு வர. அவ்வளவுதான் நேரம். என் ஆயுசில் அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சேர்ந்தாலும் அந்த எட்டு எட்டு தூரம் வராது.

புத்தூரில் கட்டுப் போடும்போது, குழந்தைக்கு எப்படி ஆச்சு என்று தெலுங்கில் கேட்டார்கள். "பொகரு பட்டின ஆவு" என்றேன், திமிர் பிடித்த மாடு என்று. அதுதான் முதல் தடவை. தோள்பட்டை எலும்பு முறிவுக்குப் பச்சிலை அரைத்துத் தடவி, துணி சுற்றிக் கட்டினார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் முகவாய்க்கு மூன்று தையல். பஸ்ஸில் வரும்போது நைனா மடியில் நீ தூங்கினாய், பச்சிலை வாசனை பஸ் முழுக்க. பக்கத்து சீட்டில் இருந்தவளுக்கும் அதே கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே செவலையைச் சந்தைக்கு ஓட்டச் சொன்னேன். நைனா பிடித்துக்கொண்டு போனார். தெருமுனையில் அவள் திரும்பிக் கத்தினாள். நீ ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வந்து ஜன்னலைச் சாத்தினேன்.

அத்தோடு விட்டேனா? கட்டு அவிழ்ந்து பத்து நாளில் நீ தானாகவே கொட்டகை வாசல்வரை போனாய். புதிதாக வந்த மாட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாய். குழந்தைகளுக்கு அவ்வளவுதான், வலி மறந்தால் கால் போகும். நான் அடுப்பங்கரையிலிருந்து போட்ட கூச்சலில் நீ நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டாய். "கிட்ட போவாத, ஒதைக்கும், ஒதைக்கும்." அப்புறம் யார் வீட்டுக்கு வந்தாலும் உன் முகவாயை நிமிர்த்தித் தழும்பைக் காட்டுவேன், கதையைச் சொல்வேன். செவலை உன்னை உதைத்தது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் நான்தான். நீ மாட்டுக்குப் பயப்படப் பயப்பட, நான் சொன்ன கதை பலப்பட்டது. என் பொய்க்கு நீ சாட்சியாக வளர்ந்தாய்.

போன வருஷம் கண் பரிசோதனைக்குத் திருப்பதி வந்தேனே, அன்றைக்கு என்னை உன் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ஏசி குளிரில் எனக்கு ஒரு சால்வையைப் போர்த்தி மூலையில் உட்காரவைத்தாய். தாடி வைத்த ஒரு காலேஜ் பையன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் விரலில் வேர்வையைப் பார்க்கிற ஒயர், மணிக்கட்டில் ஒரு பட்டை. திரையில் மஞ்சள் கட்டம் வந்தால் சில சமயம் மணிக்கட்டில் சுரீரென்று எறும்பு கடிக்கிற அளவுக்கு ஒரு கரண்டு. நீலக் கட்டம் வந்தால் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கரண்டு வருவதற்கு முன்பே, மஞ்சளைப் பார்த்த உடனேயே கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஏற ஆரம்பித்தது. "பார் மா, அவன் கையில வேர்க்குது. மூளை கத்துக்கிச்சு" என்று என் காதில் சொன்னாய். உனக்குச் சந்தோஷம். எனக்கு அந்தக் கோடு ஓடுவதைப் பார்க்க முடியவில்லை. அது செவலையின் முதுகில் ஓடியது.

அப்புறம் ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினாய். மூக்குக்குள் பீய்ச்சி அடிக்கிற மருந்து. சில பேருக்கு இதை அடித்துவிட்டுப் பாடம் நடத்துவோம், சில பேருக்கு வெறும் தண்ணீர் என்றாய். இது என்ன மருந்து என்று கேட்டேன்.

"ஆக்சிடோசின் மா. ஒடம்புலயே ஊர்ற ஹார்மோன். கொழந்த பொறக்க சொல்ல வரும், பால் குடுக்க சொல்ல வரும். என்னை பெக்க சொல்ல ஒனக்குகூட குளுக்கோஸ்ல இததான் ஏத்தியிருப்பாங்க, வலி வர்றதுக்கு."

"மாட்டுக்குப் போடறாங்களே, அதா?"

"அதேதான். பால் எறங்கறதுக்கு. தப்பு அது. ஒனக்கு எப்டி தெரியும்?"

"கேள்விப்பட்டுகீறேன்" என்றேன். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, உன் முன்னால், இன்னொரு பொய்.

நீ பேசிக்கொண்டே போனாய். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம். "எல்லாரும் இத அன்பு ஹார்மோன்னு சொல்லிக்கினு கீறாங்க மா. அவ்ளோ லேசு இல்ல. இது ஒடம்புல இருக்க சொல்ல பயத்த கத்துக்கினா, சில பேரு இன்னும் அழுத்தமா கத்துக்குறாங்க. அப்பால அதே மஞ்சள கரண்டு இல்லாம திரும்பத் திரும்பக் காட்டினா, மொதல்ல ஜாஸ்தி வேர்க்குது, அப்பால சீக்கிரமாவே அடங்கிப்பூடுது. எல்லார்க்கும் ஒரே மாதிரி இல்ல. இன்னும் பாத்துக்கினுதான் கீறோம்." பயம் அழிந்துவிடுமா என்று கேட்டேன். "அழியாது மா. காதுக்கு உள்பக்கமா பாதாம் பருப்பு அளவுல ஒரு எடம் கீது, அதுல அது பாட்டுக்கு இருக்கும். இனிமே ஒண்ணும் ஆவாதுன்னு அதும்மேல இன்னொரு பாடம் எழுதறோம், அவ்ளோதான்." கேன்டீனில் நீ இரண்டு பேருக்கும் பொங்கல் வாங்கிவந்தாய். நான் காப்பியை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வயிறு சரியில்லையா என்று கேட்டாய்.

அன்றிலிருந்து ஒரு கனவு வருகிறது. உன் ஆராய்ச்சிக்கூடத்தில் பனி இறங்கியிருக்கிறது. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் செவலை நிற்கிறாள், காதில் ஒயர் மாட்டியிருக்கிறது. திரையில் மஞ்சளும் நீலமும் மாறி மாறி வருகின்றன. அவள் திரையைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கிறாள். கதவுக்கு வெளியே நான் நிற்கிறேன், என் கையில் ஏதோ இருக்கிறது, என்னவென்று குனிந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. நீ நிறை கர்ப்பிணியாக அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு, "உள்ள வா மா, குளுருது, கதவ சாத்து" என்கிறாய். அதோடு விழிப்பு வந்துவிடும். எழுந்து போய்க் கொட்டகையில் நிற்பேன். இப்போது இருக்கிற இரண்டு மாடும் என்னைத் திரும்பிப் பார்த்து, தீனி இல்லை என்று தெரிந்ததும் மறுபடியும் அசைபோட ஆரம்பிக்கும். அவற்றுக்கு என்மேல் எந்தப் பயமும் இல்லை.

உன் படிப்பை என் அளவுக்கு வைத்து யோசித்துப் பார்த்தேன். வெளியிலிருந்து உடம்பில் குத்துகிற மருந்து மூளைவரை சரியாகப் போகாது, அதனால்தான் மூக்கு வழியாகக் கொடுக்கிறோம் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஆகவே என் ஊசிதான் செவலையின் தலைக்குள் புகுந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் அவள் கன்று போட்டிருந்தவள். அவளுடைய சொந்த ஹார்மோனே அவள் உடம்பில் ஊறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கன்றை நக்கி, அதன் வாசனையைப் படிக்க வேண்டிய நாட்களில், என் டப்பாவின் சத்தத்தைப் படித்தாள். இது விஞ்ஞானமா என்று எனக்குத் தெரியாது. தப்பாக இருந்தால் சிவப்பு மையில் திருத்து. எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று இருக்கிறது: கன்று செத்த தாய்க்கு, பக்கத்தில் இருந்த ஒரே ஆள் நான், நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது பயம்.

இப்போது உன் முறை வருகிறது. இன்னும் சில வாரத்தில் அந்த ஹார்மோன் உன் உடம்பில் ஊறப்போகிறது. உன் குழந்தை முதல் தடவை வாய் வைத்துக் குடிக்கும்போது நீ அரைத் தூக்கத்தில் இருப்பாய். உலகமே கொஞ்சம் தள்ளிப்போய், வெதுவெதுப்பாக, தண்ணீருக்கடியில் இருக்கிற மாதிரி இருக்கும். நான் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அந்த நாட்களில் யார் எது சொன்னாலும் ஆழமாக இறங்கும். குழந்தைக்குத் தும்மல் வந்தால் பக்கத்தில் இருக்கிறவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாய். அவள் பதறினால் நீயும் பதறக் கற்றுக்கொள்வாய். அதனால் பக்கத்தில் யாரை வைத்துக்கொள்வது என்று பார்த்து வைத்துக்கொள். நான் உன்னிடம் அன்பில்லாமல் கூச்சல் போடவில்லை. அன்பும் இருந்தது, குற்றமும் இருந்தது, இரண்டும் ஒரே வாயில் வந்தன. நீ இரண்டையும் பிரிக்க முடியாமல் சேர்த்துக் குடித்தாய்.

முந்தாநாள் காலை கறவை முடிந்ததும் நைனா ஒரு யோசனை சொன்னார். "ரெண்டு மாட்டயும் வித்துட்டா இன்னா? யமுனா பாப்பா நிம்மதியா வந்து இருக்கும்." நான் வாளியைக் கழுவிக்கொண்டே, "வேணாம். இன்னொரு தபா வேணாம்" என்றேன். "இன்னொரு தபான்னா?" என்று கேட்டார். வாளியைக் கவிழ்த்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், டப்பா, பல்பம், வைக்கோல் போர். உனக்கு மேலே எழுதிய அதே வரிசையில். அவர் குதிகாலில் ஒட்டிய சாணியை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் எழுந்து வீட்டுக்குள் போனார். பரண்மேல் எதையோ நகர்த்துகிற சத்தம். திரும்பி வந்தபோது அவர் கையில் டப்பா இருந்தது, மங்கிப்போய், மூடி துருப்பிடித்து.

"இதானே?" என்றார். "வைக்கப்போர் பிரிக்க சொல்ல கெடச்சுது. அந்த கோடையிலயே."

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன். அந்த வருஷம் முழுக்க நான் வைக்கோலில் கையை விட்டுத் தேடித் தேடிக் கிடைக்காமல், மாடு ஊசியை விழுங்கிவிட்டதோ என்றுகூட நடுங்கியிருக்கிறேன். "தெரிஞ்சிக்கினு ஏன் ஒரு வார்த்த கேக்கல?" என்றேன். கோபம்தான் வந்தது, வெட்கப்படுகிறவளுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவ. அப்பால அதயும் நான் நம்பணும்" என்றார். அப்புறம், "செவலயத் தேடி மூணு சந்தைக்குப் போனேன். கெடைக்கல" என்றார். அந்த மூன்று வாரமும் ஏர்மாடு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வருவார். நம் வீட்டில் ஏர்மாடு கட்ட இடமே இல்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். மாடு விற்கிற பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

உனக்கு நான் சொல்லவேண்டியது இனிமேல் கொஞ்சம்தான். வா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. வருவதாக இருந்தால், மாடுகளை நைனா வேப்பமரத்தடியில் கட்டுவார். முதல் நாள் நீ தெருவிலேயே நின்று பார், பிடிக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறு. மறுநாள் வாசல்வரை. உன் மஞ்சள் கட்டத்தை எப்படித் திரும்பத் திரும்பக் காட்டுவது என்று உனக்குத்தான் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. நான் கூச்சல் போடமாட்டேன், வாயில் புடவைத் தலைப்பைத் திணித்துக்கொண்டாவது நிற்பேன். வரவில்லை என்றால் நானே பெட்டி கட்டிக்கொண்டு வருகிறேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எதுவானாலும் செவலையைப் பற்றி உன் மனசில் இருப்பதை மட்டும் மாற்றிக்கொள். உன் தலையை நக்கியவள் அவள். அவளுக்குப் பொல்லாத பேர் வைத்தவள் நான். என்றைக்காவது உன் குழந்தை முகவாய்த் தழும்பைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், மாடு உதைத்தது என்று பாதிக் கதையைச் சொல்லாதே. முழுசையும் சொல். உன் ஆயா, என்னைப் பெற்றவள், ஊசி போட்டாள் என்றும் சொல்.

இப்போது பையில் இருக்கிற துணியைப் பிரி. அந்த டப்பாதான். ஊசியையும் பாட்டிலையும் நைனா குழி தோண்டிப் புதைத்துவிட்டார். உள்ளே ஒன்றும் இல்லை, குலுக்கினாலும் சத்தம் வராது. நான் தேய்த்துப் பார்த்தேன், மூடியில் துரு போகவில்லை, அப்படியே அனுப்புகிறேன். அன்றைக்கு உன்னைத் தூக்குவதற்கு முன்னால் இதை ஒளித்தேன். உன் குழந்தையை நான் தூக்குவதற்கு முன்னால் இதை உன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. படித்து முடித்து, எத்தனை நாளானாலும் யோசித்து, ஒரு வார்த்தை சொல் கண்ணு. தெலுங்கிலேயே சொல், எனக்குப் புரியும். நான் தூக்கலாமா?

அம்மா